முதல் குமாஸ்தாவைத் தேர்ந்தெடுக்க எதைப் பார்க்க வேண்டும்?

புது அலுவலகம் எழுதியது:

சீனியரிடமிருந்து பிரிந்து வந்து தனியாக அலுவலகம் போட்டிருக்கிறேன். பாகப்பிரிவினை, நிரந்தரத் தடை, சொத்துரிமை விளம்புகை (சொத்து இன்னாருடையது என்று நீதிமன்றம் அறிவிக்கக் கேட்பது) என்று பெரும்பாலும் சிவில் வழக்குகள்தான். கொஞ்சம் காசோலை வழக்குகளும் உண்டு. இதுவரை நானே தாக்கல் செய்து, நானே நகல் வாங்கி, நானே வாய்தா (வழக்கின் அடுத்த விசாரணைத் தேதி) குறித்து வந்தேன். இனி முடியாது. ஒரு குமாஸ்தா வேண்டும்.

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முதலாமவர் சட்ட உதவியாளர் டிப்ளமோ முடித்தவர். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வேகமாகத் தட்டச்சு செய்கிறார், சட்டப் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்கிறார். இரண்டாமவர் பன்னிரண்டாம் வகுப்புதான். பத்திர எழுத்தர் ஒருவரிடம் வேலை பார்த்தவர், தட்டச்சு மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் பேசி முடித்துக் கிளம்பும்போது, “சார், வாய்தா டைரியை நீங்கள் எழுதுவீர்களா, நான் எழுத வேண்டுமா?” என்று கேட்டார்.

நண்பர்கள் எல்லோரும் முதலாமவரைத்தான் சொல்கிறார்கள். ஒரு நல்ல குமாஸ்தாவிடம் உண்மையில் என்ன இருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

கட்டும் கயிறும் எழுதியது:

வணக்கம் சார். நான் வக்கீல் குமாஸ்தா. தந்தை, மகன் என்று ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறை வக்கீல்களிடம் வேலை பார்த்து வருகிறேன். இந்தத் தொழிலை நான் பெரிதாக மதிக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தட்டச்சு வேகம் ஆறு மாதத்தில் வந்துவிடும். சட்டப் பிரிவு உங்களுக்குத் தெரிந்தால் போதும். குமாஸ்தாவிடம் நீங்கள் தேட வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு வேலையைக் ‘கொடுத்துவிட்டேன்’ என்பதற்கும் அது ‘முடிந்துவிட்டது’ என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வக்கீல் அலுவலகத்தில் நடக்கும் விபத்துகளில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

பிராது, அதாவது வழக்குத் தொடுக்கும் மனு, அதன் தாக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிராதைக் கொடுத்த அன்று கட்சிக்காரர் வழக்குப் போட்டாகிவிட்டது என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடுவார். அங்கே பிராது சரிபார்ப்பில் இருக்கும். மதிப்பீட்டை விளக்கவும், மூன்றாம் ஆவணத்தின் அசலைத் தாக்கல் செய்யவும், இரண்டாம் எதிர்வாதியின் முகவரி முழுமையாக இல்லை என்று குறிப்பெழுதி, சரிசெய்து மறுபடி தாக்கல் செய்யக் கெடுவும் போட்டுத் திருப்பிவிடுவார்கள். அந்தக் கெடு கடந்துவிட்டால் மறுதாக்கல் தாமதத்தை மன்னிக்கக் கோரி தனி மனு, அதற்கொரு பிரமாணப் பத்திரம், அதற்கொரு வாய்தா. இப்போது மின்தாக்கல் வந்திருந்தாலும் குறைகளைச் சுட்டித் திருப்புவது நிற்கவில்லை, திரையில் வருகிறது, அவ்வளவுதான். நல்ல குமாஸ்தா வழக்கு எண்ணைக் கண்ணால் பார்க்கும் வரை அந்த வழக்குக் கட்டை ‘முடியாதவை’ அலமாரியில்தான் வைத்திருப்பார்.

அடுத்தது பேட்டா. சம்மன் அனுப்ப உத்தரவாகிறது, செயல்முறைக் கட்டணம் கட்ட வேண்டும், அதுதான் பேட்டா. கட்டாமல் விட்டு, அதனால் சம்மன் சார்வாகவில்லை (எதிர்வாதி கையில் சேரவில்லை) என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 2-இன்படி வழக்கையே தள்ளுபடி செய்யலாம். கட்டியதும் ஓய்ந்துவிடக் கூடாது. சம்மன் திரும்பி வந்ததா, ‘ஆள் இல்லை’ என்று வந்ததா, ‘கதவு பூட்டியிருந்தது’ என்று வந்ததா என்று பார்க்க வேண்டும். சார்வாகாமல் திரும்பிய சம்மனுக்குப் புதுச் சம்மன் கேட்க, விதி 5-இன்படி 7 நாள்தான் அவகாசம். 2002 திருத்தத்துக்கு முன் ஒரு மாதம் இருந்தது, அந்த நினைப்பிலேயே இன்னும் வேலை பார்ப்பவர்களை நான் பார்க்கிறேன்.

நகல் வாங்கும் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குமாஸ்தாவின் தரம் இங்கேதான் வெளிப்படும்.

தீர்ப்பு நமக்கு எதிராக வந்துவிட்டது, மேல்முறையீடு போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பு, தீர்ப்பாணை (தீர்ப்பின் முடிவை மட்டும் சொல்லும் முறையான ஆணை) நகல் பெற ஆகும் காலத்தைக் காலவரம்புச் சட்டம் 1963, பிரிவு 12 கழித்துக்கொள்ளச் சொல்கிறது. பலர் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, நகல் எப்போது வந்தாலும் அதுவரை நாள் ஓடாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நகல் விண்ணப்பம் கொடுத்த பிறகு, எத்தனை முத்திரைத்தாள் வேண்டும் என்று கணக்கிட்டு நகல் பிரிவு அறிவிப்புப் பலகையில் போடும். தாளைக் கட்ட வேண்டும். பிறகு நகல் தயாராகும். பிறகு நாம் போய் வாங்க வேண்டும். நகலின் பின்பக்கம் இந்த ஒவ்வொரு நாளும் பதிவாகும்: விண்ணப்பித்த நாள், தாள் கேட்ட நாள், கட்டிய நாள், தயாரான நாள், கொடுத்த நாள். தாள் கேட்டும் கட்டாமல் நாம் கடத்திய நாள்களை நமக்குக் கழித்துத் தர மாட்டார்கள். நகல் தயாரான பிறகும் வாங்காமல் விட்ட நாள்களுக்கும் அதே கதிதான். கேட்ட தாளைக் கட்டவே இல்லையென்றால் விண்ணப்பமே அடிபட்டுப் போகும்.

ஆக, தீர்ப்பு வந்த பிறகு அந்தப் பலகையின் முன்னால் தினமும் நிற்கும் கால்கள் யாருடையவை என்பதில்தான் ஒரு கட்சிக்காரரின் நிலமோ வீடோ தங்கியிருக்கிறது. அந்தக் கட்சிக்காரருக்கு அது தெரியவே தெரியாது. தெரியாத இடத்திலும் ஒழுங்காக நிற்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

சொத்து விவரம் பற்றியும் ஒன்று. உங்களிடம் பாகப்பிரிவினை வழக்குகள் அதிகம் என்பதால் சொல்கிறேன். பழைய பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் என்று இருக்கும். பட்டாவில் 0 ஹெக்டேர் 48.5 ஏர் என்று இருக்கும். இரண்டும் ஒரே அளவுதான். ஒரு ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட். இது தெரியாதவர் ஏதோ வித்தியாசம் என்று பயந்துபோவார், அல்லது கவனிக்காமலேயே இரண்டையும் கலந்து எழுதிவிடுவார். அதைவிட ஆபத்து சர்வே எண். தாய்ப் பத்திரத்தில் 112/2 என்று இருந்தது, பின்னால் உட்பிரிவாகி 112/2ஏ ஆகியிருக்கும். தட்டச்சில் அந்த ‘ஏ’ விழுந்துவிட்டால் பிராதிலும் விழும், தீர்ப்பாணையிலும் விழும். வருடக்கணக்கில் வழக்கு நடத்தி ஜெயித்து, தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் நிறைவேற்று மனுவில் நீதிமன்ற ஊழியரான அமீனா இடத்துக்குப் போகும்போது எதிராளி அந்த ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தகராறு செய்வார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 152-இல் திருத்தம் கேட்கலாம்தான். ஆனால் அதற்கும் மனு, அதற்கும் ஆட்சேபணை, அதற்கும் வாய்தா.

பத்திரத்தை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் தட்டச்சு செய்ததை விரல் வைத்துப் பார்க்க வேண்டும். சர்வே எண், நான்கு எல்லை, அளவு, கதவு எண், மின் இணைப்பு எண் என்று ஒவ்வொன்றாக. எங்கள் அலுவலகத்தில் இப்படிப் படிக்காமல் எந்தப் பிராதும் வெளியே போகாது. பத்திர எழுத்தரிடம் இருந்தவருக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே கையில் இருக்கும்.

இன்னொன்று, நாள்குறிப்பு. தேதியை மட்டும் குறிப்பவர் பாதி வேலைதான் செய்கிறார். எதற்காக அந்தத் தேதி என்பதும் வேண்டும்: எதிருரைக்கா (எதிர்வாதியின் எழுத்து மூலப் பதில்), பேட்டாவுக்கா, சாட்சி விசாரணைக்கா, வாதத்துக்கா. எதிருரைக்கு என்றால் சம்மன் சார்வான நாளிலிருந்து 30 நாள், நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாள் என்ற கணக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நம்மைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்னெச்சரிக்கை மனு (கேவியட்) போட்டிருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 148அ-இன்படி அது 90 நாள்தான் உயிரோடிருக்கும். அது முடிவதற்குப் பத்து நாள் முன்னதாகவே குறிப்பேட்டில் ஒரு வரி வந்து நிற்க வேண்டும்.

இணையத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் எல்லாம் தெரிகிறதே என்று கேட்பார்கள். தெரிகிறது. மிகவும் உதவியாகவும் இருக்கிறது, நானும் காலையில் முதல் வேலையாக அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் அன்றைக்கு நடந்தது அன்றைக்கே ஏறாத நாள்களும் உண்டு. கூடுதல் நீதிமன்றம் திறந்து கட்டுகளை மாற்றும்போது யாராவது நேரில் போய் பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு, எந்த நீதிமன்றம், எந்தத் தேதி என்று எழுதி வர வேண்டும். பழைய நீதிமன்ற வாசலிலேயே காத்திருந்தால், புதிய நீதிமன்றத்தில் மூன்று முறை அழைத்துவிட்டு, வாதி வரவில்லை என்று தள்ளுபடி செய்துவிடுவார்கள். தள்ளுபடியான வழக்கை மறுபடி கோப்பில் எடுக்கக் கேட்கும் மீட்பு மனுவுக்கு 30 நாள் இருக்கிறது, ஆனால் தள்ளுபடியானது தெரிந்தால்தானே மனு போட முடியும்?

உங்கள் இரண்டு பேரில் யார் என்று நான் சொல்ல முடியாது, பார்க்கவில்லை. ஆனால் டைரியை யார் எழுதுவது என்று கேட்டவர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஒரே ஒரு நாள் இருவரையும் நீதிமன்றத்துக்கு அனுப்பிப் பாருங்கள். ஒரு நகல் நிலவரம், ஒரு வாய்தா, திருப்பப்பட்ட ஒரு மனு, இந்த மூன்றையும் பார்த்து வரச் சொல்லுங்கள். மாலையில் வந்து “எல்லாம் பார்த்துவிட்டேன் சார், நகல் இந்த வாரம் வந்துவிடும்” என்று சொல்பவர் ஒருவகை. “தாள் இன்னும் கேட்கவில்லை சார், பலகையில் நேற்றைய பட்டியல்தான் இருக்கிறது. வாய்தா அடுத்த மாதம் 14, எதிருரைக்கு. எதிர்த்தரப்பில் வக்கீல் வைத்து வக்காலத்து போட்டுவிட்டார்கள். திரும்பிய மனுவில் இரண்டு குறை, இதோ எழுதி வந்திருக்கிறேன்” என்று சொல்பவர் இன்னொரு வகை. இரண்டாவது வகை கிடைத்தால் விடாதீர்கள்.

---

செஷன்ஸ் பக்கம் எழுதியது:

நான் குற்றவியல் பக்கம் வழக்கு நடத்தும் வக்கீல். மேலே அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

காசோலை வழக்கு இருக்கிறது என்று சொன்னீர்கள். அங்கே எல்லாமே நாள்தான். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் அறிவிப்பு, அறிவிப்பு கிடைத்ததிலிருந்து பணம் கொடுக்க எதிரிக்கு 15 நாள், அது கடந்த பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். வங்கிக் குறிப்பாணையின் தேதியும் கட்சிக்காரர் கைக்கு அது வந்த தேதியும் வேறாக இருக்கலாம். இரண்டையும் கேட்டு எழுதி, உறையோடு வைத்துக்கொள்ளும் குமாஸ்தா வேண்டும். கடைசியில் சொன்னது ‘ஒரு மாதம்’, 30 நாள் இல்லை. அதையும் கவனிப்பவர் என்றால் இன்னும் நல்லது.

இன்னொன்று, வாய். கட்சிக்காரர் உங்களிடம் சொல்வதில் பாதியை வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போதே குமாஸ்தாவிடம் சொல்லிவிடுவார். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவிலான ரகசியக் காப்பு குமாஸ்தாவுக்கும் பொருந்தும். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 127-இல் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் பிரிவு 132-க்குள் வந்திருக்கிறது. இதை முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லுங்கள். நீதிமன்ற வளாகத்து டீக்கடையில் எதிர்த்தரப்புக் குமாஸ்தாவும் அவருடைய நண்பராகத்தான் இருப்பார். நட்பு இருக்கட்டும், அது பல நேரம் நமக்கு உதவும். ஆனால் கட்டில் இருப்பது பேச்சில் வரக் கூடாது.

---

புது அலுவலகம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணன் சொன்னபடியே இருவரையும் தனித்தனியாக அனுப்பிப் பார்க்கப் போகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். பத்திர எழுத்தரிடம் இருந்தவர் கட்சிக்காரர்களுக்குத் தானே ஆலோசனை சொல்லிவிடுவாரோ என்று ஒரு தயக்கம். அதை எப்படிக் கட்டுப்படுத்துவது? பிறகு, நல்லவர் கிடைத்தால் அவரைத் தக்கவைத்துக்கொள்ள நான் என்ன செய்ய வேண்டும்?

---

கட்டும் கயிறும் எழுதியது:

நல்ல கேள்வி சார். முதல் சந்தேகம் நியாயமானது.

“கேஸ் நமக்குச் சாதகமா?” என்று கேட்காத கட்சிக்காரர் இல்லை. அதுவும் வக்கீலிடம் கேட்கக் கூச்சப்பட்டு எங்களிடம்தான் கேட்பார்கள். கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று நமக்கும் தோன்றும். சொல்லக் கூடாது. வழக்கறிஞராகப் பதிவு செய்யாதவர் வழக்கறிஞர் தொழில் செய்தால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 45-இல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. தண்டனை இருக்கட்டும், நாங்கள் ஆறுதலுக்குச் சொன்ன ஒரு சொல்லை நம்பி அவர் சமரசத்துக்கு வராமல் போனால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்?

நான் சொல்வது இவ்வளவுதான்: “இன்றைக்கு இது நடந்தது ஐயா. அடுத்து இந்தத் தேதி, இதற்காக. நீங்கள் இந்தக் காகிதத்தைக் கொண்டு வர வேண்டும். மற்றதைச் சார் சொல்வார்.” நடந்ததையும் அடுத்து நடக்கப்போவதையும் தெளிவாகச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடுகிறது. ஆலோசனை சொல்லாதே என்று மட்டும் உத்தரவு போட்டால் அந்தப் பையன் கட்சிக்காரரைப் பார்த்தாலே ஒதுங்கிப் போவான். எதைச் சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

தக்கவைப்பது பற்றி. சம்பளத்தை மாதம் பிறந்ததும் கொடுங்கள், கட்சிக்காரர் கொடுக்கும் அன்பளிப்பை நம்பி அவரை விட்டுவிடாதீர்கள். கட்சிக்காரர் கையை எதிர்பார்க்கும் குமாஸ்தா, கை தாராளமாக உள்ள கட்சிக்காரரின் கட்டைத்தான் முதலில் எடுப்பார். ஏழையின் நகல் விண்ணப்பம் பலகையில் காய்ந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டில் வக்கீல் குமாஸ்தாக்கள் நல நிதிக்கென்றே 1999-இல் சட்டம் வந்தது. அவர் அதில் உறுப்பினராகத் தேவையானதை நீங்களே முன்னின்று செய்து கொடுங்கள். பல வக்கீல்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பிறகு, கெட்ட செய்தி கொண்டு வரும்போது அவர்மேல் எரிந்து விழாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மனு திரும்பியது, நம் தரப்பு ஆஜராகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிட்டது என்று சொல்ல வரும்போது திட்டு விழுந்தால், அடுத்த முறை அந்தச் செய்தி உங்களிடம் மூன்று நாள் கழித்துத்தான் வரும். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க இருப்பதே 30 நாள்தான். அதில் மூன்று நாள் பயத்தில் போகலாமா? திட்டுவதென்றால் மனுவைப் போட்ட பிறகு திட்டுங்கள்.

---

தட்டச்சு மேசை எழுதியது:

டிப்ளமோ முடித்தவரை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன். மின்தாக்கலுக்கு ஆவணங்களைப் பக்க எண்ணிட்டு, தேடக்கூடிய கோப்பாக மாற்றி, அட்டவணையோடு ஏற்றுவது பெரிய வேலை. மின்னணு ஆவணம் தாக்கல் செய்தால் புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் இரண்டு பகுதியாக வேண்டும், ஒன்று தாக்கல் செய்பவர் கொடுப்பது, மற்றொன்று நிபுணர் கொடுப்பது. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடான ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். இதைப் புரிந்து செய்பவர்கள் குறைவு. இருவரையும் வைத்துக்கொள்ள வசதி இருந்தால் நல்லது.

---

கட்டும் கயிறும் எழுதியது:

அம்மா சொல்வது சரி. பழகியவர்களுக்கு இந்தப் புது வேலை சுலபத்தில் வராது, படித்த பிள்ளைகள் வேண்டும். ஒருவரைத்தான் வைக்க முடியும் என்றால், நீதிமன்றத்துக்கு அனுப்பிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள் சார். டிப்ளமோ படித்தவரே அந்தப் பலகையின் முன் பொறுமையாக நின்று எழுதி வந்தால் அவரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரை எடுத்தாலும் டைரி இரண்டு வையுங்கள், ஒன்று உங்கள் மேசையில், ஒன்று அவர் கையில். தினமும் மாலையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அலுவலகத்தைப் பூட்ட வேண்டும். கட்சிக்காரர் பேட்டாவுக்கும் நகலுக்கும் கொடுக்கும் பணத்தைத் தனி நோட்டில் எழுதச் சொல்லி, ரசீதை அந்தந்தக் கட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள்.